சண்டை போடாத வண்டு

...சோற்று உருண்டையில் உப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார், மலைமேல் தன் அப்பாவின் கல்லறையில் புல் வெட்டப் போன என் கணவர் போனில் வேறென்ன சொல்வார், "யூரிம் அம்மா, கடல்பாசி சுத்திட்டா போதுமா, உப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே நான், "உங்கப்பா கல்லறையில ஊத்துற சாராயத்தைத் தொட்டுக்கங்க" என்றேன், சிரித்தார், வைத்துவிட்டார். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தைய புல்வெட்டுக்கு வழக்கமாக நானும் போவேன், அன்று போகவில்லை, ஆய்வகத்தில் ஊசி போட்ட வண்டுகளுக்கு எழுபத்திரண்டாம் மணி, அந்த மணியில் அறுத்தாக வேண்டும். அவரும் அவர் தம்பி கியுஹோவும் மட்டும் போனார்கள். பைன் மரங்களைச் சிவக்கவைத்துக் கொல்லும் புழுக்களை மரம் விட்டு மரம் சுமக்கும் வண்டு அது, மூச்சுக்குழாய்க்குள் லட்சம் புழு, ஆனாலும் பறக்கிறது, தின்கிறது, இணை சேர்கிறது, அதன் உடம்பு சண்டை போடுவதில்லை, அவ்வளவுதான். சண்டையை அடக்கிவைக்கும் மரபணு எது என்று தேடிக்கொண்டிருந்தோம், அதை ஊமையாக்கினால் வண்டின் எதிர்ப்புக் காவல் விழித்துக்கொள்ளும், மூச்சுக்குழாய் கறுத்து அடையும், புழுவால் சாகாத வண்டு தன் காவலாலேயே சாகும்... இன்றும் அதே நுண்ணோக்கி, அதே நாற்காலி, வாசலில் கியுஹோ வண்டியோடு காத்திருக்கிறான், இன்று அவருக்கு மூன்றாம் ஆண்டுப் படையல்.

இரண்டாவது அழைப்பு பத்து நிமிடம் கழித்து வந்தது. "கியுஹோவோட புல்வெட்டு மெஷின் மண்ணுக்குள்ள இருந்த குளவிக்கூட்டைக் கிளப்பிடுச்சு. என் கழுத்துல ஒண்ணு கொட்டிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான்." குரல் கட்டியிருந்ததா? இருந்தது, இல்லை, இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதோ... "நிழல்ல உக்காருங்க, இந்த வண்டுக்குள்ள இருக்குற புழுவை எண்ணி முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்றேன். இருபது நிமிடம் எண்ணினேன். திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தவன் கியுஹோ, "அண்ணி, அண்ணன் மூச்சு விடமாட்டேங்குறான், அண்ணி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்கு முந்தைய ஆண்டு பால்கனியில் ஒரு குளவி கொட்டி அவர் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும், "உன் வண்டு லட்சம் புழுவை வச்சுக்கிட்டுப் பறக்குது, உன் புருஷன் ஒரு குளவிக்குப் படுத்துட்டான், என்னையும் அறுத்துப் பாரேன்" என்றார், நானும் சிரித்தேன். முதல் கொட்டில் கற்றுக்கொண்ட உடம்பு இரண்டாவதில் மூர்க்கமாகலாம் என்று தெரியாதவளா நான், அதைப் படித்துத்தானே சம்பளம் வாங்குகிறேன். கையோடு வைத்துக்கொள்ள ஒவ்வாமையை முறிக்கும் ஊசிமருந்து எழுதி வாங்க வேண்டும் என்று நினைத்தேன், வண்டுகள் மரத்தைத் துளைத்து வெளிவரும் பருவம் வந்தது, அடுத்த வாரம் என்றேன், அதற்கடுத்த வாரம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "முன்னாடி குளவி கொட்டி ஒத்துக்காமப் போயிருக்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் கியுஹோ, "எங்கண்ணனுக்கா? இரும்பு மாதிரி இருப்பான்" என்றான், நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் அவன் சொன்னதற்கே தலையை ஆட்டினேன், எதற்காக ஆட்டினேன்? அவர் அப்போதே போய்விட்டிருந்தார், சொல்லியும் பயனில்லை என்றா, இல்லை அவன் முன்னால் சொல்ல முடியாமலா... அன்றிலிருந்து பழியை அவன்தான் சுமக்கிறான், புல்வெட்டும் மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டு அரிவாளோடு போகிறான், பத்து கிலோ இளைத்துவிட்டான். போன வருடப் படையலில் என் காலடியில் மண்டியிட்டு, "என் மெஷின்தான் அண்ணி, அந்தப் பக்கம் நான் போயிருக்கவே கூடாது" என்றான். "விடுங்க தம்பி, சூப் ஆறுது" என்றேன், அவ்வளவுதான் வந்தது. சண்டை போடாத வண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, அது போய் உட்காரும் மரம்தான் சிவக்கிறது, இதை எத்தனை கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்... வாசலில் ஹாரன் ஒருமுறை மெதுவாக ஒலிக்கிறது, அவசரப்படுத்தக்கூட அவனுக்குத் தயக்கம். இன்று வண்டியில் சொல்லிவிடலாமா, நாற்பது நிமிடப் பாதை, எங்கே ஆரம்பிப்பது, உப்பிலிருந்தா? மேசை இழுப்பறையில் ஆஸ்பத்திரித் தாளின் நகல் இருக்கிறது. நர்ஸின் கையெழுத்து நல்ல வடிவானது. 'முன் ஒவ்வாமை' என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று இருக்கிறது.