இறுகிய மார்பு

தெற்குக் கடலுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போக என் கணவன் கிடியன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. எட்டு மாதப் பயணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்புப் பட்டையில் பின்னல் ஊசியைக் குத்திக்கொண்டு, பாதியில் இருந்த அவனுடைய ஸ்வெட்டரை மேலே பின்னிக்கொண்டே போனேன்.

நாளை காலை கப்பல். இன்று ஸ்வெட்டரை மேசைமேல் விரித்தபோது வயிறு வரை அகலமாகக் கிடந்தது, மார்பு மட்டும் சுருங்கி மடிப்பு மடிப்பாக நின்றது.

அவன் தங்கை ஓஸ்லா அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பால் கறக்கப் போகும்போதெல்லாம் அவள்தான் பின்னலில் சில சுற்றுகள் போடுவாள்.

"நீ பின்னின லட்சணத்தைப் பாருடி," என்றேன். " நூலை இந்த இழு இழுத்திருக்கே. என்ன, படகைக் கயித்துல கட்டினியா?"

அவள் கோபப்படவில்லை. வந்து ஸ்வெட்டரை உட்புறம் திருப்பினாள். பின்னால் ஓடும் நூல்கள் மார்புப் பகுதியில் பிடில் தந்திபோல் விறைத்திருந்தன. மறுபடி வெளிப்புறம் திருப்பினாள்.

"ரெண்டு நிற நூலைச் சேர்த்துப் பின்னும்போது நான் வெள்ளையை மேலேதான் ஓட்டுவேன் அண்ணி. என் கையில வெள்ளை அமுங்கிப் போகும். கீழே ஓட்டுறது நீங்கதான். இங்க பாருங்க, வெள்ளை எப்படித் துருத்திக்கிட்டு நிக்குது."

இறுகிய ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளை துருத்திக்கொண்டு நின்றது. எல்லாம் இந்த மூன்று வாரத்தில் நான் போட்டவை. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அதற்குள் கிடியன் உள்ளே வந்து, "எனக்குத்தானே?" என்று எடுத்து மாட்டினான். கைகள் நுழைந்தன. தலை மார்புப் பகுதியிலேயே சிக்கிக்கொண்டது. மேலே தூக்கிய கைகளோடு முகமில்லாமல் நின்றான்.

ஓஸ்லா சிரித்தாள். "அண்ணா, ஆட்டுத்தோலுக்குள்ள புகுந்த மாதிரி இருக்கே!"

முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?"

கம்பளிக்குள் அசைவு நின்றது. ஓஸ்லா கரிக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"முதல்ல கழட்டி விடு. மூச்சு முட்டுது."

"பதில் சொல்லிட்டுக் கழட்டிக்கோ."

அவன் மூச்சுக்குக் கம்பளி உள்ளே போய் வெளியே வந்தது.

"கேட்டா போகாதேன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்," என்றேன். ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்து, அவன் முகம் வெளியே வரும்வரை கீழே இழுத்தேன்.