கவனக்குறைவு என்று எழுதுங்கள்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அநியாயம். டீயில் சர்க்கரை குறைந்தால் அநியாயம் என்பான். பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் அநியாயம். மழை பெய்தாலும் அநியாயம், பெய்யாவிட்டாலும் அநியாயம். ஒர்க்ஷாப்பில் யாராவது, "அநியாயம் வந்தாச்சா?" என்று கேட்டால், "அது மட்டுமா, அக்கிரமமும் சேர்ந்தே வந்தாச்சு" என்று பதில் வரும்.

அக்கிரமம் என்பது அவனுடைய ஜோடி மெக்கானிக். அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பாவம், அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. ஜோடி சேர்ந்த பாவத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வேலையில்லாமல் சுற்றிய தங்கை புருஷனைக் கம்பெனியில் கைபிடித்துக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். பதினொரு வருடமாக ஒரே பைக்கில் வந்தார்கள், ஒரே பைக்கில் போனார்கள்.

மாதாமாதம் ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டைச் சோதிக்க வேண்டும். மெக்கானிக் மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கையும் கயிற்றையும் பார்ப்பார். மாப்பிள்ளை கீழே, லிஃப்ட் பாதையின் அடியிலிருக்கும் குழிக்குள் இறங்குவான். சோதனைக் கார்டில் மேல் பாதி அவருக்கு, கீழ் பாதி அவனுக்கு. பார்த்தவர் அவரவர் பாதியில் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. மோட்டார் அறையிலிருந்து இறங்கும்போது மெக்கானிக்கின் கை முழங்கைவரை கிரீஸாக இருக்கும். கறை பட்ட கார்டுகளை ஆபீஸ் திருப்பி அனுப்பியது. "ஏன் மச்சான் இந்தப் பாடு? மாசம் பொறந்ததும் சுத்தமான கையால எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துடு. டிக்கும் தேதியும் நான் போட்டுக்கறேன்" என்றான் மாப்பிள்ளை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. ஆபீஸில் அவர்கள் கார்டுகளின் சுத்தத்தை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டிப் பேசினார்கள்.

தங்கைக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று தேதி குறித்தபோது மாப்பிள்ளை பின்வாங்கினான். ஊசியைப் பார்த்தாலே அவனுக்கு மயக்கம் வரும். சம்மதப் படிவத்தில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ கூட இரு மச்சான். லீவெல்லாம் எதுக்கு? வேலையை நான் பார்த்துக்கறேன். உன்னை யாரு தேடப் போறா?" என்றான்.

அன்று முழுக்க மெக்கானிக் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். கண்ணைக் கட்டி வெளியே கொண்டுவந்த தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, விட்டுட்டுப் போயிடாதே" என்றாள். சாயங்காலம்வரை அவர் பாத்ரூமுக்குக்கூட எழுந்து போகவில்லை.

ஒன்பதாம் நாள், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஒரு ஜாண் கீழே நின்றது. வெளியே காலெடுத்து வைத்த ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அம்மாள் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது அதன்மேல் ஒட்டியிருந்த லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கார்டை எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்த அதே தேதி. பிரேக் சரி என்று டிக். அதன் கீழே மெக்கானிக்கின் கையெழுத்து, கறையில்லாமல், அழகாக.

சூப்பர்வைசர் அறையில் மாப்பிள்ளை நின்ற நிலையில் சொன்னான்: "நான் குழியிலதான் இருந்தேன் சார். மேல மச்சான் பார்த்தாரு. பார்த்தாருன்னுதான் நினைக்கறேன்."

மெக்கானிக் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பைக் பக்கத்தில் பிடித்துக் கேட்டார். "அன்னைக்கு நான் எங்க இருந்தேன் மாப்பிள்ளை?"

"எனக்குப் புரியுது மச்சான். ஆனா நான் மாட்டினா வீட்டுல சோறு ஏது? உனக்கு சர்வீஸ் இருக்கு, நல்ல பேரு இருக்கு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"மேல ஏறிப் பார்த்தியா, இல்லையா?"

"முட்டி வலி, மச்சான். எட்டு மாடி. போன மாசம்தானே நீ பார்த்தே, அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுதுன்னு..." அன்றைக்கு அவர் பஸ்ஸில் வீடு திரும்பினார்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனார். கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்மணி நேரம் கண்ணுக்கு மருந்து விடுவதைப் பற்றியே பேசினார்கள். பிறகு அவர் கேட்டார்.

"ஆபீஸுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்மா. அன்னைக்கு நான் உன்கூட இருந்தேன்னு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "கண்ணைக் கட்டியிருந்தாங்களே அண்ணே. யாரு இருந்தா, யாரு போனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் நின்றது. மாப்பிள்ளை உள்ளேதான் இருந்தான்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தங்கைக்கு அதைவிடக் கூடுதலாக எதை எதிர்பார்ப்பது என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் பிடித்திருந்த இடத்தில், உள்ளங்கையில், நகம் பதிந்த தடம் அன்று ராத்திரிவரை இருந்தது அவருக்கு நினைவு வந்தது. "மருந்தை மறக்காம விடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஒர்க்ஷாப்பில் விஷயம் பரவியிருந்தது. "கூட இருந்தே குழி பறிச்சுட்டானே" என்றார் வெல்டர்.

"குழிக்காரன் வேற எதைப் பறிப்பான்?" என்றார் ஸ்டோர்கீப்பர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

சூப்பர்வைசர் வாக்குமூலத் தாளை நீட்டினார். "பார்த்தேன், கவனக்குறைவா விட்டுட்டேன்னு எழுதுங்க. மூணு மாசம் சஸ்பெண்ட். லைசென்ஸ் தப்பிச்சுடும். அன்னைக்கு வரவே இல்லை, வெத்துக் கார்டுல கையெழுத்துப் போட்டேன்னு எழுதினீங்கன்னா ரெண்டு பேர் லைசென்ஸும் போயிடும். அம்பது வயசுல வேற என்ன வேலை தெரியும் உங்களுக்கு?"

"அவன் பண்ணினது அநியாயம் சார்."

சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அவர் வேண்டுமென்று சிரிக்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம். தன்னிடமிருந்து மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போனவற்றில் அந்த வார்த்தையும் சேர்த்தி என்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. டீக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்துத் தேய்த்து, லைனிங் போன பிரேக் மாதிரி ஆக்கி வைத்திருந்தான்.

மெக்கானிக் பேனாவை எடுத்தார். கவனக்குறைவு என்றால் பார்த்தும் கண்ணில் படாமல் போவது. தவறு என்றால் ஒரு காரணம் இருக்கும். சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார். முட்டி வலி, சோறு, கட்டிய கண் என்று காரணம் சொல்லச் சொல்ல, நடந்த காரியம் சிறிதாகாமல் பெரிதாகிக்கொண்டே போனது. கறை படாத கார்டும் அந்த வரிசையில்தான் நின்றது. அதைக் கொடுத்த கை அவருடையது. தபால் அதிகாரி அம்மாளின் இடுப்புக்கு முன்னால் அவர் எதைச் சொல்லித் தப்பிக்க முடியும்?

எழுதினார்: 'அன்று நான் வேலைக்கு வரவில்லை. பிரேக்கை நானும் பார்க்கவில்லை, என் ஜோடியும் பார்க்கவில்லை. வருடக்கணக்காக, பார்ப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வந்தேன். இது கவனக்குறைவு அல்ல. நாங்கள் இருவரும் செய்தது அநியாயம்.'

சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்தார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "கடைசி வரியை மாத்தலாமே" என்றார் மெதுவாக.

"அது இருக்கட்டும் சார்."

மோட்டார் அறைச் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் மாப்பிள்ளை காத்திருந்தான். உள்ளே படித்தது அவன் காதுக்கு எட்டியிருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"உன் லைசென்ஸையும் தொலைச்சு, என்னோடதையும் தொலைச்சிருக்கியே. ஒரே ஒரு வார்த்தை மாத்தி எழுதியிருந்தா போதுமே!" என்றான். குரல் உயர்ந்தது. "அநியாயம் மச்சான் இது. அநியாயம்!"

சர்க்கரை குறைந்த டீக்கு வரும் அதே குரல். மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.