நடுவில் போன ஒயர்

ஊரில் எல்லோரும் அவரை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரில் நிற்கும் ஆளைச் சட்டைப்பை, குடல், மனசு வரைக்கும் ஊடுருவிப் பார்க்கிற பார்வை அவருக்கு. பார்த்து எதையாவது கண்டுபிடித்திருக்கிறாரா என்றால், இல்லை. அதற்காக மனுஷன் பார்ப்பதை நிறுத்தியதும் இல்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. அதை ஓட்டியவர் அவருடைய ஒரே தங்கையின் கணவர். இடுப்பு வலி வந்து எக்ஸ்ரே ஸ்டீயரிங்கை விட்ட நாளிலிருந்து நாலு வருஷமாக மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார். நாலு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. அதுதான் எக்ஸ்ரேக்கு உறுத்தியது. ஒரு குறையும் இல்லாத ஆள் உலகத்தில் உண்டா என்ன? எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஒளித்து வைத்ததைப் பிடிக்க அவரும் ஒன்றை ஒளித்து வைத்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும், கேபினில் பேசுவதைப் பதிவு செய்து இவருடைய போனுக்கு அனுப்பும். மாப்பிள்ளையும் தங்கையும் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், லாரிக்கு அடியில் தானே படுத்து ஒயர் இழுத்து மாட்டினார். பெட்டி பன்னிரண்டு வோல்ட். லாரியில் இரண்டு பேட்டரியைக் கோத்து இருபத்து நாலு வோல்ட். மொத்தமும் கொடுத்தால் பெட்டி புகைந்துவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். எக்ஸ்ரே யோசித்தார். இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற கேபிளிலிருந்து ஒரு ஒயரை எடுத்தால் பன்னிரண்டுதானே வரும்! தன் மூளையை நினைத்து அன்றைக்கு அவருக்கே புல்லரித்தது.

ஒரு மாதம் கேட்டார். மாப்பிள்ளை பாடினார். தும்மினார். மாலையில் மனைவிக்குப் போன் போட்டு அசடு வழியப் பேசினார். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று எக்ஸ்ரே பல்லைக் கடித்தார்.

அப்புறம்தான் லாரி காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் மூன்று தடவை நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாகிவிட்டது. சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது என்றார் மாப்பிள்ளை. எக்ஸ்ரேக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆறு மாதம்கூட ஆகாத பேட்டரிகள். நல்லது ஒன்றை விற்றுவிட்டு அதே மாதிரி பழசு ஒன்றைப் போட்டிருக்கிறான்! வாங்கிய அன்றே இரண்டின் அடியிலும் ஆணியால் ரகசியமாகக் கீறி அடையாளம் வைத்திருந்தார். போய்ப் பார்த்தார். இரண்டிலும் கீறல் இருந்தது. அடப்பாவி, கீறலைக்கூட அப்படியே கீறிவிட்டானே என்று மலைத்துப் போனார்.

"இன்னைக்கு உன் புருஷன் சாயம் வெளுக்குதா இல்லையா பாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டே, மாப்பிள்ளையோடு, லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் மீட்டரக்காவின் ஷெட்டுக்கு வந்தார். தங்கை அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்தபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

மீட்டரக்காவுக்கு வாயைவிட மீட்டர் மேல்தான் நம்பிக்கை. யார் என்ன சொன்னாலும் "ம்" என்பார், பிறகு தன் கம்பி இரண்டையும் வைத்துப் பார்ப்பார். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரிப் பெட்டியைத் திறந்து, இரண்டுக்கும் சேர்த்து வைத்தார்.

"இருபத்தெட்டு புள்ளி ரெண்டு. சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டும் இறுக்கமா இருக்கு."

"அப்போ பேட்டரிதான்" என்றார் எக்ஸ்ரே, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி.

அக்கா தனித்தனியாக வைத்தார். ஒன்றில் பன்னிரண்டரை. இன்னொன்றில் பதினைந்து புள்ளி ஏழு. மூடியைத் திறந்தார். பதினைந்து காட்டியதில் தண்ணீர் வற்றி, ஆசிட் வாடை மூக்கில் ஏறியது.

"ஒண்ணு பட்டினி கிடக்கு, இன்னொண்ணுக்கு வயிறு முட்டிப் போயிருக்கு. கூட்டிப் பாத்தா மட்டும் சரியா வருது."

"பாத்தீங்களாக்கா! ஒண்ணு பழசு! மாத்தியிருக்காங்க!"

"யாரும் மாத்தல. ரெண்டும் ஒரே தேதி, ஒரே நம்பர் வரிசை. நடுவுல இருந்து யாரோ கரண்ட் எடுக்கறாங்க. சேர்க்கிற கேபிள்ல ஒரு ஒயர் போட்டா ஒரு பேட்டரி மட்டும் வடியும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் ஏத்தும், நிறைஞ்சது கொதிக்கும்."

"நான் எதுவும் மாட்டலையேக்கா" என்றார் மாப்பிள்ளை.

"ஃபேன் ஏதாவது மாட்டியிருப்பீங்க மாப்ள, ஒத்துக்கங்க" என்று எக்ஸ்ரே பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே, சேர்க்கிற கேபிள் என்ற வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்தது.

அக்கா இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, கேபிளைக் கழற்றி நடுவே மீட்டரைச் செருகினார். எல்லாம் அணைந்த வண்டியில் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா, குடிக்குது. எங்கே போகுதுன்னு பாத்துடலாம்."

"விடுங்கக்கா" என்றார் எக்ஸ்ரே. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "எதுக்கு மெனக்கெடறீங்க? ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடலாம்."

பழைய செருப்புக்கே நாலு தடவை தையல் போடுகிற மனுஷன். மாப்பிள்ளை அவரை மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான், திடீர்னு அவசரம்?"

"அவசரமா? எனக்கென்ன அவசரம்? இடுப்பு வலிக்குது."

அக்கா அதற்குள் லாரிக்கு அடியில் போயிருந்தார். கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய ஒயர் ஒன்று சேஸிஸ் ஓரமாக ஓடி, கேபினுக்குள் ஏறி, டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்தது. அக்கா பலகையைக் கழற்றிக் கையை விட்டார். பெட்டி வெளியே வந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது.

மாப்பிள்ளை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சின்னதாக இரண்டு துளைகள்.

"இது பேச்சையும் கேக்குமாக்கா?"

"கேக்கும்."

யார் வைத்தது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. எக்ஸ்ரே சாக்குத் தேடினார். காணாமல் போனால் கண்டுபிடிக்க, திருட்டுப் பயம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்றெல்லாம் என்னவோ வந்தது. எல்லாவற்றையும் மென்று முழுங்கினார். மாப்பிள்ளையின் காது சிவந்திருந்தது. மாலை போன்களை நினைத்துப் பார்க்கிறார் என்று எக்ஸ்ரேக்குத் தெரிந்தது. தன் தங்கையிடம் அவள் புருஷன் கொஞ்சியதை உட்கார்ந்து கேட்டோமே என்று முதல்முறையாக அவருக்குக் கூசியது. செத்துவிடலாம் போலிருந்தது.

"தப்புதான் மாப்ள" என்றார் கடைசியில். "புத்தி கெட்டுப் போச்சு. அக்கா, அதைப் பிடுங்கி எறிங்க."

அக்கா கட்டிங் பிளேயரை எடுத்தார். மாப்பிள்ளை அவர் கையைத் தடுத்தார்.

"கழட்டாதீங்கக்கா. பேட்டரி கெடாத மாதிரி முறையா மாட்டிக் குடுங்க. இருபத்து நாலைப் பன்னிரண்டு ஆக்கற பெட்டி இருக்குல்ல, அதுல குடுத்துடுங்க."

"ஐயோ, எனக்கு வேண்டாம் மாப்ள! சத்தியமா வேண்டாம். உங்க மேல எனக்கு இனிமே துளி சந்தேகம் கிடையாது."

"உங்களுக்காகச் சொல்லல மச்சான்." மாப்பிள்ளையின் குரலில் கோபமே இல்லை. எக்ஸ்ரே அந்தக் கண்களைப் பார்த்தார். அவரையே தலையிலிருந்து கால்வரை ஊடுருவிக்கொண்டு போனது மாப்பிள்ளையின் பார்வை. "இது இருந்தா, இங்கே இருக்குன்னு தெரியும். கழட்டிட்டா, வேற எங்கே வச்சிருக்கீங்களோன்னு வீடு முழுக்க நான் தேடிக்கிட்டே இருப்பேன்."

அக்கா பிளேயரைக் கீழே வைத்துவிட்டு, வோல்ட்டைக் குறைக்கும் பெட்டியை எடுக்க அலமாரிப் பக்கம் போனார்.