மிதக்கும் ரயிலின் சக்கரங்கள்

அமெமியா தொமோகோ எழுதிக் கொடுத்தது மொத்தம் ஆறு வரி. காந்தத்தில் மிதக்கும் ரயிலின் சோதனைத் தடத்துக்கு அருகே இருக்கும் பார்வையாளர் கூடத்தின் புதுப் பலகைக்காக. அந்தத் தாள் ஒப்புதலுக்காக மேசை மேசையாகச் சுற்றி, ஏழு சிவப்பு முத்திரைகளோடு திரும்பி வந்தபோது ஐந்து வரிதான் இருந்தது. காணாமல் போனது எது என்று அவள் தேடவே இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வரிதான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது: 'நிற்கும்போது இந்த ரயில் மிதப்பதில்லை. மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் வரும்வரை ரப்பர் சக்கரங்களில்தான் ஓடுகிறது.'

அந்தச் சக்கரங்கள் அவள் பொறுப்பு. மிதக்கும் ரயிலில் சக்கரப் பிரிவின் தலைவியாக இருப்பது, மினோபு மலைப் பௌத்த மடத்தில் மொட்டைத் துறவிகளுக்குச் சீப்பு வாங்கும் அதிகாரியாக இருப்பதைப் போன்றது. ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் போனாள். ஷிமுரா மதியச் சோற்றுப் பெட்டியை அப்போதுதான் திறந்திருந்தார்.

"ஷிமுரா சான், என் வரி எங்க?"

"அமெமியா சான், கோவிச்சுக்காதீங்க. ஜனங்க இங்க கனவு காண வர்றாங்க. கனவுல போய் டயரை உருட்டலாமா?"

"டயர் இல்லேன்னா உங்க கனவு நடைமேடையை விட்டே கிளம்பாது."

"ஏன் கிளம்பாது? அம்மாம்பெரிய காந்தம் இருக்குல்ல?"

பதின்மூன்று வருஷமாக இந்த ரயிலை விளம்பரம் செய்கிற மனிதர். அமெமியா பொறுமையாக ஆரம்பித்தாள்.

"காந்தம் வண்டியில இருக்கு. ரெண்டு பக்கச் சுவர்லயும் இருக்கிறது வெறும் கம்பிச்சுருள். காந்தம் வேகமாக் கடந்து போனாத்தான் சுருள்ல மின்சாரம் பிறக்கும். அப்பத்தான் அது கீழேருந்து தள்ளும், மேலேருந்து இழுக்கும், வண்டி பத்து சென்டிமீட்டர் எழும்பும். கட்சுரா ஆத்துல தட்டைக்கல்லை விட்டெறிஞ்சிருக்கீங்களா?"

"சின்ன வயசுல."

"தத்தித் தத்திப் போகும்ல? அதே கல்லைத் தண்ணி மேல மெதுவா வெச்சுப் பாருங்க."

ஷிமுராவின் சோற்றுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. அவர் ஆற்றை யோசிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை விழாவின் நிகழ்ச்சி நிரல். '10:40. வளர்ச்சிச் சங்கத் தலைவர் குரோதா பொத்தானை அழுத்துகிறார். நடைமேடையில் நிற்கும் ரயில் மிதந்து எழுகிறது.'

"எந்தப் புத்திசாலி இதுக்கு ஒத்துக்கிட்டது?"

ஷிமுரா விரலை வைத்துக் காட்டினார். கீழே ஏழு முத்திரைகள், ஒவ்வொன்றும் பக்கத்து மேலதிகாரியை வணங்குகிற மாதிரி இடப்புறம் சாய்ந்து. கடைசியில், எல்லாவற்றையும்விட அதிகமாகக் குனிந்தபடி ஒன்று: அமெமியா.

ஒரு நாளைக்கு நாற்பது தாள் வரும். ஏற்கெனவே ஆறு பேர் குத்தியதை ஏழாவது ஆள் எதற்குப் படிக்க வேண்டும்?

"சரி, மாத்திடலாம்" என்றாள், குரல் இறங்கி.

"மாத்தணும்னா ஏழு பேரும் தப்புப் பண்ணிட்டோம்னு எழுதணும். இயக்குநர் உள்பட. யாரு ஆரம்பிக்கிறது? நீங்களா?"

அவள் தன் முத்திரையையே பார்த்தாள். ஷிமுரா குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சக்கரத்தை உள்ள இழுக்க, வெளிய விட, ஏதோ எந்திரம் இருக்குல்ல? முன்னாடியே கொஞ்சம் உள்ள இழுத்து வண்டியைத் தாழ்த்தி வெச்சிட்டு, அவர் பொத்தானை அழுத்தினதும் வெளிய விட்டா?"

"சக்கரம் தூக்குறதைக் காந்தம் தூக்குறதாக் காட்டச் சொல்றீங்க."

"நாலு சென்டிமீட்டர் போதும்."

"என் வரி பலகைல வரணும்."

"வரும்."

வெள்ளிக்கிழமை குரோதா பதினொரு நிமிஷம் பேசினார். 'கனவு' என்ற சொல் பதினான்கு முறை வந்தது. பிறகு எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாத பொன்னிறப் பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தினார். தூணுக்குப் பின்னால் நின்ற அமெமியா வாக்கி டாக்கியில் வண்டிக்குள் இருந்த ஆளிடம், "விடு" என்றாள். சக்கரங்கள் முனகிக்கொண்டு ரயிலை நாலு சென்டிமீட்டர் தூக்கின. கூட்டம் கைதட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் முத்திரை குத்தியவர்தான்.

குரோதாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொறியாளர் யாராவது வரட்டும் என்றார். ஷிமுரா தடுப்பதற்குள் யாரோ அமெமியாவை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"சொல்லுங்கம்மா, இவ்வளவு பெரிய வண்டியை இப்ப தூக்கினது எந்தக் காந்தம்?"

ஒலிவாங்கி அவள் முகத்துக்கு நேரே இருந்தது. ஷிமுரா இருமினார். பதினெட்டு வருஷம்.

"காந்தம் இல்லீங்க. ரப்பர் சக்கரம்."

குரோதா வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா! இவ்வளவு சாதிச்சிட்டு என்னா அடக்கம், என்னா நகைச்சுவை!" கூட்டமே சிரித்தது. "இல்லீங்க, நிஜமாவே சக்கரம்தான்" என்று அவள் சொல்லச் சொல்ல, சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை பலகையின் புது வடிவம் அவள் மேசைக்கு வந்தது. ஷிமுரா வாக்குத் தவறவில்லை. அவளுடைய வரி இருந்தது. பெரிய கண்ணும் சிவந்த கன்னமும் வைத்த ஒரு டயர் பொம்மையின் வாயிலிருந்து வரும் குமிழுக்குள், 'ஹிஹி, நானும் இருக்கேனே!' என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில்.

இந்த முறை முழுவதும் படித்தாள். இரண்டு தடவை. நூற்றைம்பது கிலோமீட்டர் சரியாக இருந்தது. முத்திரையை எடுத்து, சாய்க்காமல், செங்குத்தாகக் குத்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஷிமுரா அதே தாளோடு வந்து நின்றார்.

"அமெமியா சான், எழுத்தெல்லாம் பிரமாதம். முத்திரை மட்டும் குனியாம நேரா நிக்குது. இயக்குநர் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். புதுத் தாள் கொண்டாந்திருக்கேன், மறுபடி முதல் மேசையிலேருந்து சுத்தட்டும்."