விஞ்ஞானி போட்ட பூட்டு

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இல்லை. விஞ்ஞானி ஒருவன்தான் இருந்தான். பட்டம் அவள் கொடுத்தது. ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியாத மனுஷன், ஐந்தாம் வகுப்பு மகளுக்குப் பாதுகாப்பு செய்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டால் வேறென்ன பேர் வைப்பது?

திரை கூடத்தைப் பார்த்தே இருக்க வேண்டுமாம், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி. கேமராவுக்குப் பிளாஸ்திரி. பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும். பிறகு தடுக்க வேண்டிய கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக ஏற்ற உட்கார்ந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். உடம்பு, முத்தம், தொடு, தொட்டான், தொட்டா என்று விதவிதமாகப் போய்க்கொண்டிருந்தது.

"உடம்புகூடவா கெட்ட வார்த்தை?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அடுத்த வாரமே பாப்பாவுக்கு ஜீரண மண்டலம் வீட்டுப்பாடம். மனித உடம்பு என்று அடித்தாள். 'அனுமதி இல்லை' என்று சிவப்புப் பட்டை வந்து நின்றது. அம்மாதான் குடலைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தாள். விஞ்ஞானிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பூட்டு வேலை செய்கிறதாம்! அதோடு விட்டானா? "தப்பா ஏதாவது கேட்டே, அன்னைக்கே கம்ப்யூட்டர் காலி" என்று மகளையும் மிரட்டி வைத்தான்.

கொஞ்ச நாளாகப் பாப்பா சரியாக இல்லை. பள்ளி வேன் வருகிற நேரம் பார்த்து வயிறு வலிக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த மருந்துக்கும் கேட்காத வலி அவளைப் பயமுறுத்தியது. புருஷனிடம் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு தப்பும் நடக்கலை. நான்தான் தினமும் பார்க்கிறேனே."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறவன், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இதில் பீற்றல் வேறு.

சனிக்கிழமை அவளுடைய அக்கா புருஷன் வந்தார். சகலையைக் கண்டதும் விஞ்ஞானிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாப்பா, இங்க வா. தப்பா ஏதாவது டைப் பண்ணு. எப்படித் தடுக்குதுன்னு பெரியப்பா பார்க்கட்டும்."

"தப்பா கேட்கலாமாப்பா? திட்ட மாட்டீங்களே?"

"திட்ட மாட்டேன், அடி."

பாப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். 'வேன் மாமா தொட்டா யார்கிட்ட சொல்லணும்.'

சிவப்புப் பட்டை வந்தது.

"பார்த்தீங்களா சகலை! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள தடுத்துடுச்சு!" என்று அவன் கைதட்டினான்.

மடையன். சிவப்பைப் பார்த்தானே தவிர, அதற்கு மேலே இருந்த வரியைப் படிக்கவில்லை. சகலை படித்தார், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவளும் படித்தாள்.

"என்கிட்ட சொல்லணும்டி, என் தங்கம். எழுந்து வா" என்று மகளை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை சொல்லச் சொல்லக் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அந்த வேன்காரனை வெட்டிப் போட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. அதை முகத்தில் காட்டாமல், "உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் வெளியே வந்தபோது, சகலை அந்த வரியை அவனைப் படிக்க வைத்திருந்தார். விஞ்ஞானி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அந்த வார்த்தையை எடுத்துடட்டுமா?" என்று கேட்டான்.

இந்த நேரத்தில் இந்தக் கேள்வி! கோபம் மட்டும் இல்லாவிட்டால் சிரித்தே விட்டிருப்பாள்.

"வார்த்தை கிடக்கட்டும். வண்டிச் சாவியை எடுங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும். அப்பாவும் கூட வரணுமாம் அவளுக்கு. எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை."