முள் நின்ற இடம்

வாட்ச் கைக்கு வந்ததுமே கீழ்ப் பொத்தானை அழுத்திவிட்டார் கடிகாரக்காரர். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போவதுபோல அது பாட்டுக்கு நடந்துவிடும். ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த பழைய கைக்கடிகாரம் அது. மேல் பொத்தானை அழுத்தினால் நீள முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பன்னிரண்டுக்கே திருப்பிவிடும். டக்கென்று திரும்பியது. அந்த மட்டுக்கும் நன்றாயிருக்கிறதே என்று அவருக்குத் திருப்தி வேறு.

கொண்டுவந்தவள் அவருடைய அக்கா மகள், ஓட்டக்காரி. "அப்பா நாளைக்கு வீட்டுக்கு வர்றாங்க மாமா. மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க, இது வேணுமாம். ஆனா ஓட மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டாள்.

அவர் பின்மூடியைத் திறந்தார். கை அசைய அசையத் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் அரைவட்டத் தகடு, விழுந்த அதிர்ச்சியில் திருகு தளர்ந்து ஆடியது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மாமா, சொல்ல மறந்துட்டேன். அந்த நீள முள்ளை மட்டும் அசைச்சிடாதீங்க. அது என் டைம்."

"என்ன டைம்மா?"

"அன்னைக்கு ஓடினது. வெயில் ஏறுது, போதும்னு அப்பா சொன்னாங்க. நான்தான் இன்னும் ஒரே ஒரு தடவைன்னு அடம்புடிச்சேன். கோட்டைத் தாண்டித் திரும்பிப் பாக்குறேன், அப்பா கீழே கெடக்குறாங்க. பட்டனை அழுத்திட்டுத்தான் விழுந்திருக்காங்க."

"நீ பாக்கலியா?"

"அப்பா எப்பவும் வாயாலதானே சொல்லுவாங்க, வாட்ச்சைக் காட்டவே மாட்டாங்களே. பேச்சு வரட்டும், அவங்களே சொல்லட்டும்னு கைக்குட்டையில சுத்தி வச்சிருந்தேன். பேச்சுதான் வரலியே. நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா. அவங்களை இப்படிப் படுக்க வச்சேனே, அதுக்கு அந்த ஓட்டமாவது உருப்படியா இருந்துச்சான்னு தெரியணும்."

"பாத்துச் சொல்றேன்மா," என்றார். பேசி முடித்ததுமே போனில் போட்டோவைத் தேடினார்.

திறப்பதற்கு முன்னால் போட்டோ எடுப்பது அவர் வழக்கம். எடுத்தும் இருந்தார், பொத்தானை அழுத்திய பிறகு. ஒன்றும் தெரியாத பிள்ளைபோல முள் பன்னிரண்டில் நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் அங்கேயேதான் நின்றது. வேலை தெரிந்தவன் என்று பெயர். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தத் தெரியவில்லை.

நல்ல டைமாக ஒன்றைச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதிகம் குறைத்துச் சொன்னால் அந்தப் பொய்யை எட்டிப்பிடிக்க அவள் ஆயுசு முழுக்க ஓடுவாள். கூட்டிச் சொன்னாலோ, ஒன்றுமில்லாத ஓட்டத்துக்காக அப்பாவைச் சாய்த்தோமே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். கடிகாரத்தைப் பூட்ட உட்கார்ந்தார். ஒரு திருகு இடுக்கியிலிருந்து நழுவி மேசைக்கடியில் போய், அதைத் தேடவே உயிர் போனது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். கதவைத் திறந்தவள், "சொல்லுங்க மாமா," என்றாள். எண் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"அழிச்சிட்டேன்மா. கைப்பழக்கம். பாக்காமலே அழுத்தித் தொலைச்சிட்டேன்."

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல மாமா," என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலியிலிருந்து ஒரு முனகல். அத்தானுக்கு வலப்பக்கம் விழுந்து, வாய் கோணியிருந்தது. இடது கையை நீட்டினார். கடிகாரத்தை வாங்கி மடியில் வைத்து, கட்டைவிரலால் மேல் பொத்தானை அழுத்தினார். முள் ஓடியது.

"விடு, அவருக்கும் பொழுது போகட்டும்," என்றாள் அக்கா.

அத்தான் கண்ணை எடுக்கவில்லை. முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றும் போனது. எங்காவது சிக்கிக்கொள்ளுமோ என்று கடிகாரக்காரர் குனிந்து பார்த்தார். அத்தானின் விரல் பொத்தானுக்கு மேலேயே காத்திருந்தது. பிறகு அழுத்தியது. வாட்ச்சைக் காட்டாத மனிதர் அதை மகள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் பார்த்தாள். "இவ்ளோ கம்மியாவா? இருக்காதுப்பா. சும்மா அழுத்தியிருப்பீங்க."

அத்தான் முறைத்தார். மைதானத்தில் முறைக்கிற அதே முறைப்பு. தானே கீழ்ப் பொத்தானை அழுத்தி முள்ளைத் திருப்பினார். மறுபடி ஓடவிட்டார். மறுபடி எல்லோரும் காத்திருந்தார்கள். விரல் இறங்கியது.

முள் அதே கோட்டில் நின்றது.

அவள் அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். அத்தானின் இடது கை அவள் முதுகைத் தட்டியது, ஓடி முடித்துவிட்டு வருகிறவளைத் தட்டுவதைப் போல. கடிகாரக்காரருக்குக் கண் கலங்கியது. நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, கை தன்னால் கடிகாரத்தை நோக்கிப் போனது.

"மாமா!" என்று அழுகையோடே அலறினாள் அவள். "கையை எடுங்க!"

கோணல் வாயோடு முதலில் சிரித்தது அத்தான்தான்.