காக்காவுக்குத் தெரிந்த முகம்

சென்னையில் வசந்த காலம் என்று ஒன்று இருப்பதே, பிரபாகர் கேமரா வாங்கிய பிறகுதான் அவர் வீட்டாருக்குத் தெரியவந்தது. அதுவரை அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், கொடும் வெயில், வீட்டுக்குள் தண்ணீர் வரும் மழை, இவ்வளவுதான். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மந்தைவெளி வீட்டில் வந்து உட்கார்ந்த பிரபாகர், பங்குனி பிறந்தால் அதற்குப் பெயர் ஸ்பிரிங் என்றார். அந்த நாட்களில் கொல்லைக்கு அபூர்வமான பறவைகள் வருமாம். அவற்றுக்கு மனித நடமாட்டம் ஆகாதாம். மனிதர் என்றால் மற்றவர்கள், அவர் அதில் சேர்த்தி இல்லை.

கொல்லை என்ன பெரிய காடா? ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணி துவைக்கிற கல், மூலையில் உடைந்த சிமெண்ட் தொட்டி. அதைப் போய் அவர் 'களம்' என்று சொல்ல ஆரம்பித்தார். காலை வேளையில் களத்தில் துணி துவைக்கக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் தேன்சிட்டுக்குப் படபடப்பு வந்துவிடுமாம். கட்டின பெண்டாட்டி மேகலாவுக்கு இரண்டு வருடமாகப் படபடப்பு இருக்கிறது, அதைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்கு விவரம் போதாது.

இலை தழை அச்சிட்ட துணிக் கூடாரம் ஒன்றும் வாங்கினார். முருங்கை மரத்தடியில் அதைப் போட்டு, முழுக்கைச் சட்டையோடு உள்ளே உட்கார்ந்துகொள்வார். வெளியே லென்ஸ் மட்டும் முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தெருவில் மோர் விற்கிறவர் குரல் கொடுத்தால் உள்ளிருந்து "உஷ்" என்று வரும். இத்தனை தவம் செய்து எடுத்த படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அவரைப் போலவே ஓய்வு பெற்று, அவரைப் போலவே வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடைக்காத இருபது பேர் "அருமை சார்" என்பார்கள். அன்றைக்கு அவருக்கு இரண்டு தோசை கூட இறங்கும்.

இந்தப் பெரிய மனிதருக்கு ஒரே ஒரு எதிரி, காக்கா. காக்கா வந்து உட்கார்ந்தால் மற்றதெல்லாம் பறந்துவிடுகின்றன. காக்காவைப் படம் எடுத்துப் போட்டாலோ குரூப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனவே பொங்கல் கழிந்த கையோடு போர் தொடங்கினார். செத்துத் தொங்குகிற மாதிரியே செய்த பிளாஸ்டிக் காக்கா ஒன்றை வரவழைத்துக் கொய்யாக் கிளையில் தலைகீழாகக் கட்டினார். அதற்கும் மசியாதவற்றைக் கூடாரத்துக்குள்ளிருந்து உண்டிவில்லால் அடித்தார். மேலே படாமல் பக்கத்தில் படும்படிதான் அடிப்பார், பறவைகள் மேல் அவ்வளவு பிரியம். ஒரு மாதத்தில் கொல்லையில் காக்கா என்ற பேச்சே இல்லை. குரூப்பில் கைதட்டினார்கள்.

எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது, பங்குனியில் அவருடைய அப்பாவுக்கு முதல் வருஷத் திதி வரும்வரை.

அன்றைக்கு மேகலா விடியற்காலையிலேயே பிளாஸ்டிக் காக்காவைக் கழற்றி, கேட்காமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். பிரபாகரின் தங்கை மணிமொழி, புருஷன் தமிழ்மாறனோடு அடையாறிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், வடை, பாயசம் எல்லாம் இலையில் வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிட்டார்கள். பிரபாகர் வேட்டி, நெற்றி நிறைய விபூதி சகிதம், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சோற்றோடு வாழை இலைத் துண்டில் வைத்துக் கொல்லை மதில்மேல் கொண்டுபோய் வைத்தார். காக்கா வந்து ஒரு வாய் எடுத்தால் அப்பா வந்து சாப்பிட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை.

காக்கா வரவில்லை.

"கா, கா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் ஓர் அணில் வந்து வடையை முகர்ந்தது. மணிமொழி கைதட்டி விரட்டினாள். அப்புறம் ஒரு மைனா வந்து சோற்றைக் கொத்தியது. பசியில் கண் பஞ்சடைந்திருந்த தமிழ்மாறன், "அதுவும் கருப்பாதான கீது, மச்சான். ஒத்துக்கலாமே" என்றான்.

கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிரபாகரின் அம்மா ஜானகியம்மாள் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மாமனாரு மைனாவாலாம் வரமாட்டாரு" என்றாள். அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

பிரபாகருக்குக் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். அவளுக்குச் சர்க்கரை. பூஜை முடிந்தவுடன் சாப்பாடுதானே என்று மேகலா இன்சுலின் ஊசி வேறு போட்டுவிட்டிருந்தாள். ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கார்த்திகையில் ஒருமுறை அப்படி ஆகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போதே அவள் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது.

மேகலா சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை, இத ஒரு வாய் குடிச்சிடுங்க."

"அவரு சாப்புடட்டும், குடிக்கிறேன்."

"அம்மா, இதெல்லாம் ஒரு நம்பிக்கைதானேம்மா" என்றார் பிரபாகர். "ஒடம்புதான் முக்கியம்."

"கட்டிக்கினு வந்த நாள்லேந்து அவருக்கு முன்னாடி நான் கை நனைச்சது இல்லடா. இன்னிக்குப் புச்சா ஆரம்பிக்கச் சொல்றியா?"

அந்த நேரம் பார்த்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை வந்து இறங்கியது. கொண்டலாத்தி. சந்தன நிற உடம்பு, கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட சிறகு, தலையில் விசிறிக் கொண்டை. இரண்டு ஸ்பிரிங்காக இதற்காகத்தான் அவர் கூடாரத்தில் வெந்துகொண்டிருந்தார். அது இப்போது நிதானமாக, வெளிச்சம் முகத்தில் விழும்படி திரும்பி, கொண்டையை விரித்தது. பிரபாகரின் வலது கை அவரைக் கேட்காமலே கழுத்துக்குப் போய்க் கேமராப் பட்டையைத் தேடியது. கழுத்தில் துண்டுதான் இருந்தது.

"எடுத்துக்கினு வாயேண்ணா" என்றாள் மணிமொழி. "அம்மா மயக்கம் போட்டு வுழுறதையும் சேத்து எடுத்துக்கலாம்."

பிரபாகர் கையை இறக்கிக்கொண்டார். கொண்டலாத்தியும் அவசரமில்லாமல் இரண்டு புழுவைத் தின்றுவிட்டுத்தான் போனது.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஜஹீதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக ஏழெட்டுக் காக்கா. பிரபாகர் மதிலோரம் போய் அவற்றைப் பார்த்து, குழைந்த குரலில், "கா, கா" என்றார். ஒரே சமயத்தில் அத்தனையும் கத்திக்கொண்டு எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டன.

"அண்ணே, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க" என்றாள் ஜஹீதா. "அதுங்களுக்குப் பசிதான். உங்களப் பாத்துட்டுதான் வரமாட்டேங்குது. ஒரு மாசமா இங்கதான் கீதுங்க. நீங்க கொல்லைக் கதவத் தொறந்தாவே இப்படித்தான் கத்துதுங்க."

"அட ஆமா" என்றான் தமிழ்மாறன். "காக்கா மூஞ்சிய மறக்காதுன்னு நீங்கதான மச்சான் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனீங்க."

அனுப்பியது உண்மைதான். படித்து முடிக்காமல் அனுப்பியிருந்தார். அங்கேயே ஒரு விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். மணிமொழி விடவில்லை. "அப்பா வரமாட்டாரு. எப்படி வருவாரு? போன வருசம் இதே எடத்துல சேர் போட்டு ஒக்காந்துக்கினு இதுங்களுக்குப் பிஸ்கோத்து போட்டுக்கினு இருந்தாரு. நீ இருமுனா குருவி பறந்துடுது, உள்ள போப்பான்னு சொன்னது யாரு? நானும் பாத்துக்கினுதான இருந்தேன். சேரத் தூக்கிக்கினு உள்ள போனாரு. அப்புறம் அவரு கொல்லைக்கே வரல."

ஜஹீதா துணியை உதறாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரபாகர் அம்மாவைப் பார்த்தார், இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று. அவள் மடியில் இருந்த கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

மேகலாதான் முடிவெடுத்தாள். "நீங்க உள்ள போங்க."

"நான்தானே இங்க நிக்கணும், மகன்... நான் வேணா கூடாரத்துக்குள்ள ஒக்காந்துக்கிறேன்."

"அதுக்குள்ளேந்துதான உண்டிவில்லு அடிச்சீங்க? பாத்ரூமுக்குப் போங்க. போய்க் கதவச் சாத்திக்கங்க."

அப்பாவின் முதல் திதிக்குப் பெற்ற மகன், விபூதியும் வேட்டியுமாக, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அங்கே கொல்லையைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல், கண்ணாடிப் பட்டைகள் போட்டது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, தலை வெளியே தெரியாமல், ஒரு பட்டையை மட்டும் விரலால் உயர்த்திப் பார்த்தார். மறைந்திருந்து பார்க்கிற வித்தைதான் அவருக்குக் கைவந்ததாயிற்றே.

முதலில் ஒன்றே ஒன்று வந்து முருங்கையில் உட்கார்ந்தது. கூடாரத்தைப் பார்த்தது. கொல்லைக் கதவைப் பார்த்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, உண்மையாகவே ஆள் இல்லையா என்று விசாரித்தது. அப்புறம் மதில்மேல் குதித்து, இலைக்கு ஓர் அடி தள்ளி நின்றது. அங்கேயே நின்றது, சோற்றில் வாய் வைக்கவில்லை. சாப்பிடுப்பா, தப்புதாம்பா, அம்மாவுக்காகச் சாப்பிடுப்பா என்று பிரபாகர் மனசுக்குள் கெஞ்சினார்.

ஜானகியம்மாள் மேகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மதில் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாப்புடுங்க" என்றாள். "அவன் உள்ளதான் கீறான், வரமாட்டான். இருமல் வந்தா இருமிக்கினே சாப்புடுங்க. யாரும் உங்கள எழுந்து போவச் சொல்ல மாட்டாங்க."

காக்கா வடையைக் கவ்வியது. மேகலா சர்க்கரைத் தண்ணீரை அம்மாவின் வாயில் வைத்தாள். அம்மா மதிலைப் பார்த்தபடியே மடக் மடக்கென்று குடித்தாள்.

கவிழ்த்த வாளியின் மேல் நின்றிருந்த பிரபாகருக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பி வந்தது. வாய்விட்டு அழமுடியாது. துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். சத்தம் கேட்டால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.